சாவடி: நலம் விசாரித்த இடமும் வழக்கு விசாரித்த இடமும்

கோயம்பேட்டில் பூந்தமல்லிப் பேருந்து ஏறி, மதுரவாயலும் வானகரமும் தாண்டினால் சாவடிகள் வரத் தொடங்கும். முதலில் வேலப்பன்சாவடி. அடுத்து குமணன்சாவடி. இறங்க வேண்டியவர்கள் பையை எடுத்து வாசலுக்கு நகர்வதற்குள் கரையான்சாவடி. சில கிலோமீட்டருக்குள் மூன்று ஊர்ப்பெயர்கள், மூன்றுக்கும் ஒரே வால். போரூர்ப் பக்கமிருந்து வந்தாலும் தப்பிக்க முடியாது. ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், அதன்பின் குமணன்சாவடி, கரையான்சாவடி என்றுதான் அந்தச் சாலையும் போகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரையிலான மெட்ரோ ரயில் வழித்தடத்துக்கு நிலையப் பெயர் வைத்தவர்களும் இந்த இரண்டையும் அடுத்தடுத்து அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

பேச்சில் யாரும் எழுத்துப்படி சொல்வதில்லை. குமணஞ்சாவடி, வேலப்பஞ்சாவடி என்பார்கள். னகரமும் சகரமும் சேரும் இடத்தில் நாக்கு தானாகவே ஞகரத்துக்குப் போய்விடுகிறது. ஒரு பெயர் பல தலைமுறை வாயில் புழங்கியிருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

குமணன் என்றதும் பள்ளியில் படித்தவர்களுக்கு முதிரமலைக் குமணன் நினைவுக்கு வருவான். தம்பி நாட்டைப் பறித்துக்கொள்ள, காட்டில் இருந்த நிலையிலும் கேட்டு வந்த புலவர் பெருந்தலைச் சாத்தனாருக்குத் தன் தலையையே கொடுக்க வாள் நீட்டிய வள்ளல். அந்தக் கதையை இந்த ஊரோடு ஒட்டவைக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து ஊர்ப்பெயர்களைச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆசை அடங்கிவிடும். வேலப்பன், குமணன் என்று ஓர் ஆளின் பெயர், பின்னால் சாவடி. பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் கந்தன்சாவடியும் இதே வார்ப்புதான். கோவையிலிருந்து பாலக்காடு போகும் வழியில் வாளையாருக்கு முன்னால் வரும் கே.ஜி. சாவடியின் முழுப்பெயர் கந்தேகவுண்டன்சாவடி. கட்டியவர், கட்ட நிலம் கொடுத்தவர், பார்த்துக்கொண்டவர் என்று யாரோ ஒருவர் பெயரில் நின்ற சாவடிகள் இவை. சங்க கால மன்னன் தேவையில்லை. சாலையோரம் ஒரு கூரையைப் போட்டுவைத்த யாரோ ஒரு குமணன் போதும். அவனும் எனக்கு வள்ளல்தான்.

எனக்கு இங்கே முன்பகுதியைவிடப் பின்பகுதியில்தான் அக்கறை. சாவடி என்றால் என்ன? காலை நாளிதழைப் பிரித்தால் விடை கிடைத்துவிடும் என்று தோன்றும். சுங்கச்சாவடியில் கட்டண உயர்வு. வாக்குச்சாவடி முகவர்கள் கூட்டம். சோதனைச்சாவடியில் வாகனத் தணிக்கை. மூன்று இடத்திலும் நம்மை ஒருவர் நிறுத்துகிறார். ஆனால் மதுரைப் பக்கத்துக் கிராமத்துக்காரரிடம் சாவடி என்று சொல்லிப் பாருங்கள், துண்டை விரித்துப் படுக்கும் கல்தரை அவர் நினைவுக்கு வரும். பெங்களூருக்காரரிடம் அதன் ஆங்கில வடிவமான ‘சௌல்ட்ரி’யைச் சொன்னால் கல்யாண மண்டபம் என்பார். பிரெஞ்சு ஆவணங்களைப் படிப்பவரிடம் ‘ஷோத்ரி’ என்றால் புதுச்சேரியில் நூறாண்டுக்கு மேல் நடந்த ஒரு நீதிமன்றத்தைச் சொல்வார். எல்லாம் ஒரே சொல். தெருவில் ‘சாவடிக்கிறான்’ என்று எரிச்சலோடு சொல்கிறோமே, அது மட்டும் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. அது ‘சாக அடி’ என்பதன் குறுக்கம்.

சொல்லின் வேர் பற்றி இரண்டு வழக்குகள் உண்டு. யூலும் பர்னலும் தொகுத்து 1886-ல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம் இதன் பிறப்பு ஐயத்துக்குரியது என்று சொல்லிவிட்டு, தெலுங்கு, மலையாள வடிவங்களைக் காட்டுகிறது. நான்கு வழி கூடும் இடம் என்ற பொருளில் வடமொழி ‘சதுர்’ என்பதோடு இணைப்பது ஒரு கட்சி. தமிழறிஞர்கள் சிலர் சொல்வது வேறு. உசாவுதல் என்றால் கேட்டறிதல், கலந்து பேசுதல். உசாவும் இடம் உசாவடி. அதுவே முதலெழுத்தை இழந்து சாவடி ஆனது என்பார்கள். நூல்களின் பின்னால் ‘உசாத்துணை’ என்று போடுகிறோமே, அதே உசாவு.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. விஜயநகர ஆட்சிக் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளில் ‘உசாவடி’ என்ற சொல்லே இருக்கிறது. திருச்சிராப்பள்ளி உசாவடி, வழுதலம்பட்டு உசாவடி என்றெல்லாம் வரும். ஆனால் அங்கே அது கட்டடம் இல்லை, நாட்டுப் பிரிவு. பல ஊர்களை அடக்கிய ஆட்சி வட்டாரம். ஓரிடத்தில் உட்கார்ந்து வரி கேட்டு, வழக்குக் கேட்டு ஆண்ட அதிகாரியின் கை எட்டும் தூரம் முழுவதும் அந்த இடத்தின் பெயரால் அறியப்பட்டது. இன்று காவல் நிலையம் என்ற கட்டடத்தின் பெயரை வைத்து ‘இது எந்த ஸ்டேஷன் லிமிட்’ என்று நிலப்பரப்பைக் குறிக்கிறோம் அல்லவா, அதுபோல.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். தெலுங்கிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் இந்தச் சொல் சகரத்தில்தான் தொடங்குகிறது. எங்கும் பரவியிருந்த ஒரு சொல் தமிழுக்குள் வந்தபோது, தமிழ் எழுதியவர்கள் அதைத் தங்களுக்குப் புரியும் உசாவுதலோடு சேர்த்து உசாவடி என்று எழுதியிருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. அப்படியென்றால் உசாவடி அந்தச் சொல்லின் பிறப்புச் சான்றிதழ் ஆகாது. ஆனால் அதைவிட மதிப்புள்ள ஒன்றை அது நமக்குக் கொடுக்கிறது. அந்தக் காலத்துத் தமிழர் இந்த இடத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தெரிகிறது. அவர்களுக்கு அது கேட்கும் இடம்.

கேட்பது என்றால் எதைக் கேட்பது? இன்றைய தமிழில் உசாவு என்பதன் இடத்தில் நாம் வைத்திருக்கும் சொல் ‘விசாரி’. ‘அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லு’ என்கிறோம். ‘போலீஸ் கூட்டிட்டுப் போய் விசாரிச்சாங்க’ என்றும் சொல்கிறோம். முதலாவதில் அன்பு, இரண்டாவதில் அச்சம். நலம் விசாரிக்கவும் வழக்கு விசாரிக்கவும் நமக்கு ஒரே வினைதான். சாவடியும் அப்படித்தான். வழிப்போக்கனை ‘எங்கேயிருந்து வர்றே, சாப்பிட்டியா’ என்று கேட்ட கூரையும், ‘எங்கேயிருந்து வர்றே, மூட்டையில என்ன’ என்று கேட்ட கூரையும் ஒன்றே. இந்தச் சொல் போன ஊர்களிலெல்லாம் இந்த இரண்டு கேள்வியில் எது கூடவே போனது, எது வழியில் உதிர்ந்தது என்று பார்ப்பதுதான் அதன் பல பொருள்களுக்கும் ஊடே போகும் இழை.

இரண்டும் பிரியாமல் இருந்த இடம் ஊர்ச்சாவடி. மதுரை, தேனி, விருதுநகர்ப் பக்கங்களில் அதை இன்றும் பார்க்கலாம். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு எழுப்பிய மேடை, கல்தூணோ மரத்தூணோ, மேலே ஓடு. மூன்று பக்கமும் திறந்திருக்கும். தரைக்கல்லில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டம் வெட்டியிருக்கும். பகலில் கிழவர்கள், உச்சி வெயிலுக்கு மாட்டுக்காரர்கள், இரவில் வீட்டில் இடம் போதாத இளவட்டங்கள். வெளியூர்க்காரன் வந்தால் முதலில் உட்காரும் இடமும், ஊருக்குள் சண்டை என்றால் இரு தரப்பையும் கூப்பிட்டு நிறுத்தும் இடமும் அதுவே. திருவிழாவுக்கு நாள் குறிப்பது, வரி பிரிப்பது, தண்டம் போடுவது எல்லாம் அங்கே.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைத்தால் நான் பொய் சொன்னவனாவேன். அந்தத் திறந்த மேடை எல்லாருக்கும் திறந்ததாக இருந்ததில்லை. பல ஊர்களில் சாதிக்கொரு சாவடி. சேரிக்காரர் ஏற முடியாத சாவடிகள், அவர் அதைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுக்க வேண்டியிருந்த சாவடிகள் இருந்தன. பெண்களுக்கு அங்கே இடமில்லை. வழக்கில் சிக்கிய பெண்ணும் ஓரமாகக் கீழே நின்றுதான் பதில் சொன்னாள். சுவர் இல்லாத கட்டடத்துக்கும் யார் உள்ளே, யார் வெளியே என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. யார் கேட்கலாம், யார் பதில் சொல்ல வேண்டும் என்பதைச் சாவடியின் தரை உயரமே முடிவு செய்தது. பழைய சாவடியின் குளிர்ச்சியை நினைத்து ஏங்குகிறவர்கள், என்னையும் சேர்த்து, அந்த உயரத்தையும் நினைக்க வேண்டும்.

இனி சென்னைக்கு வருவோம். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராசபட்டினத்தில் இடம் கிடைத்தபோது அங்கே ஊர்ச்சாவடி ஒன்று இருந்தது. ஊர் அதிகாரி அதில் அமர்ந்து வழக்குக் கேட்டார். ஆங்கிலேயர் அந்த முறையை உடைக்கவில்லை. உட்காரும் ஆளை மாற்றினார்கள். உள்ளூர் அதிகாரியின் இடத்தில் கம்பெனி ஊழியர்கள் அமர்ந்தார்கள். அவர்களுக்குப் பெயர் ‘சௌல்ட்ரி நீதிபதிகள்’. 1678-ல் ஆளுநர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் இதை ஒழுங்குபடுத்தினார். நீதிபதிகள் மூவராயினர். வாரத்தில் இரு நாள் அமர்வு. சில்லறைக் குற்றங்களும் 50 வராகன் வரையிலான கடன் வழக்குகளும் சாவடியில் தீரும். அதற்கு மேற்பட்டவை கோட்டைக்குப் போகும்.

நீதி மட்டும் இல்லை. கடல் வழி வந்த சரக்குக்கு ஒரு சுங்கம், தரை வழி வந்ததற்கு ஒரு சுங்கம் என்று அன்று இருந்தது. தரைச் சுங்கம் வசூலான இடம் சாவடி. ஊருக்குள் நுழையும் நெல்லும் துணியும் அங்கே நின்று கட்டிவிட்டுத்தான் போகும். 17ஆம் நூற்றாண்டில் மனிதர்களை அடிமைகளாக விற்ற பத்திரங்களும் அந்தச் சாவடியில்தான் பதிவாயின. அதே கூரையின் கீழ் ஒருவன் தன் கடனுக்கு நியாயம் கேட்டான், இன்னொருவன் தன் விலையைக் கேட்டுக்கொண்டு நின்றான். சென்னையின் வரலாற்றைப் பேசும்போது கோட்டையையும் மாதாகோயிலையும் பேசுகிறோம். இந்தச் சாவடியைப் பேச ஆளில்லை. 1688-ல் மாநகராட்சியும் மேயர் நீதிமன்றமும் வந்தபின் அதன் அதிகாரம் மெல்லக் கரைந்தது.

ஆனால் பெயர் நகரத்தின் நிலத்தில் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. கோட்டைக்குத் தென்மேற்கே மவுண்ட் ரோடு, இராயப்பேட்டைப் பக்கம் பரந்திருந்த வெளியை 18ஆம் நூற்றாண்டு ஆங்கில நிலப்படங்கள் ‘சௌல்ட்ரி ப்ளெயின்’ என்றே குறிக்கின்றன. சாவடி வெளி. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட வந்தபோது ஆங்கிலப் படை இந்த வெளியை விட்டுத்தான் கோட்டைக்குள் பின்வாங்கியது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர, லாலி முற்றுகையைக் கைவிட்டுப் போனார்.

லாலி புறப்பட்டு வந்த புதுச்சேரியில் அப்போது இன்னொரு சாவடி நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பியரின் வழக்குகளுக்கும் மேல்முறையீட்டுக்கும் மேலவை. உள்ளூர் மக்களின் வழக்குகளுக்கு ‘ஷோத்ரி’ நீதிமன்றம். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அதைப் பார்க்கிறவர்கள், பிரெஞ்சில் ‘சூடு’ என்பதைக் குறிக்கும் ‘ஷோ’ என்ற சொல்லின் குடும்பம் போலும் என்று நினைப்பார்கள். கொப்பரைக்கும் கொதிகலனுக்கும் அதே தொடக்கம்தான் அந்த மொழியில். ஆனால் இது கொதிகலன் இல்லை, நம் சாவடி. ‘டி’ என்று நாம் நாக்கை மடித்துச் சொல்லும் ஒலி ஐரோப்பியக் காதில் பாதி டகரமாகவும் பாதி ரகரமாகவும் விழுந்திருக்கிறது. தில்லியின் சாவ்ரி பஜாரிலும் அதே டகரம் ரகரமாகி நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஒலியைத் தங்கள் மொழியில் கடைகளுக்கும் தொழிலிடங்களுக்கும் வழங்கும் ‘ரி’ ஈற்றோடு பொருத்திக்கொண்டார்கள். ரொட்டி சுடும் இடம் ‘பூலாஞ்சரி’ என்றால், வழக்குத் தீர்க்கும் இடம் ‘ஷோதரி’. ஆங்கிலேயர் ஒரு லகரத்தையும் நடுவில் நுழைத்து ‘சௌல்ட்ரி’ ஆக்கினார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நம் சாவடி என்று சொன்னாலொழிய யாருக்கும் தெரியாது.

இந்த ஷோத்ரியின் 1766 முதல் 1817 வரையான தீர்ப்புகளைத் தேடித் தொகுத்தவர் ழான்-குளோத் பொன்னான். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அவற்றை நூலாக வெளியிட்டது. தமிழ்நாட்டின் சமூக வரலாற்றுக்கு அது ஒரு புதையல். பாகப்பிரிவினை, சுவீகாரம், கைம்பெண்ணின் உரிமை, கடன், சாதி வழக்கு என்று 18ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் குடும்பத்தின் சச்சரவுகள் அத்தனையும் பிரெஞ்சில் கிடக்கின்றன. தமிழில் முறையிட்டார்கள், பிரெஞ்சில் எழுதப்பட்டது. மனுநூலையும் சாதி வழக்கத்தையும் தெரிந்தவர்களைக் கேட்டு, பிரான்சிலிருந்து வந்தவர் தீர்ப்புச் சொன்னார். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 தொடங்கி எழுதிய நாட்குறிப்பிலும் சாவடி இப்படி வழக்கு நடக்கும் இடமாகத்தான் தலைகாட்டுகிறது. ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த அவருக்கு அது அன்றாடச் சொல்.

ஷோத்ரி போன பிறகும் அது விட்டுச்சென்ற பழக்கம் போகவில்லை. 1819 ஜனவரி 6 ஆணை, புதுச்சேரியில் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளைக் கொண்டுவந்தபோதே, இந்தியர்கள் கிறித்தவரோ முஸ்லிமோ இந்துவோ யாராக இருந்தாலும் முன்போலவே தத்தம் சாதியின் சட்டப்படியும் வழக்கப்படியும் விசாரிக்கப்படுவார்கள் என்று உறுதி சொன்னது. முன்போல என்றால் எதைப்போல? சாவடியில் நடந்ததைப்போல. அந்த வழக்கங்கள் எவை என்று நீதிமன்றத்துக்கு எடுத்துச் சொல்ல 1827-ல் உள்ளூர்ப் பெரியவர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளும் குழு. உசாவடி என்று கல்வெட்டு எழுதியவன் இருந்திருந்தால் அதற்கு வேறு பெயர் தேடியிருக்க மாட்டான். வழுதலம்பட்டு உசாவடி இருந்ததும் இதே தென்னார்க்காட்டுப் பக்கம்தான்.

ஷோத்ரிக்குப் பிரெஞ்சில் இன்னொரு பொருளும் உண்டு. 1782-ல் வெளிவந்த தம் பயண நூலில் பிரெஞ்சுப் பயணி சொன்னெரா, இந்நாட்டார் தம் செல்வத்தைச் சாலையோரங்களில் ஷோத்ரிகள் கட்டச் செலவிடுகிறார்கள் என்று எழுதுகிறார். அங்கே அது நீதிமன்றம் இல்லை, வழிப்போக்கர் தங்கும் இடம். எனக்கு அந்த வரியைப் படித்தபோது குமணனும் வேலப்பனும்தான் நினைவுக்கு வந்தார்கள். சென்னையிலிருந்து ஆற்காட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் கால்நடையாகவும் வண்டியிலும் போன கூட்டம் பூந்தமல்லி வழிதான் போயிற்று. இந்தப் பெயர்கள் அடுத்தடுத்து நிற்பதற்கு அந்தச் சாலையே காரணம். பூந்தமல்லியில் வெள்ளைக்காரன் படைமுகாம் வைத்ததும் அதே சாலையில்தான்.

ஆங்கிலத்தில் கடைசியில் நின்றது இந்தத் தங்குமிடப் பொருள்தான். நீதிபதிகள் மறைந்துபோக, ‘சௌல்ட்ரி’ என்றால் சத்திரம் என்றாயிற்று. ஒரு படி மேலே போய், தூண்கள் நிறைந்த எந்த மண்டபத்தையும் அப்படிச் சொன்னார்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்தவர்களும் எழுதியவர்களும் ‘திருமல் நாயக்கின் சௌல்ட்ரி’ என்றே இங்கிலாந்துக்கு அறிமுகப்படுத்தினார்கள். இறைவன் வசந்த விழாவுக்கு வந்து அமரும் மண்டபம், வழிப்போக்கர் சாவடி ஆகிவிட்டது. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ராமசாமி முதலியார் சத்திரத்தின் கதை வேறு மாதிரி. தமிழில் சத்திரம், ஆங்கிலத்தில் சௌல்ட்ரி. சாவடியிலிருந்து பிறந்த சொல் சாவடி என்று யாரும் சொல்லாத கட்டடத்தின் மேல் போய் உட்கார்ந்தது. கர்நாடகத்தில் அதுவே கல்யாண மண்டபத்துக்குப் பெயராயிற்று. மூன்று வேளை சாப்பாடும் மேளமும் உள்ள இடமாக அது இன்று பிழைத்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

வடக்கே மராத்தியத்தில் சாவடி ஊர் அலுவலகமாக நிலைத்தது. நிலப் பதிவேட்டை ஊரார் முன்னால் உரக்கப் படிப்பதற்கு அங்கே ‘சாவடி வாசன்’ என்று பெயர். யார் பெயரில் எவ்வளவு நிலம் என்று படிக்கும்போது மறுப்பவர் எழுந்து சொல்லலாம். எழுத்தறியாதவனுக்கும் தன் நிலத்தின் கணக்கு காதில் விழும். நாம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய வழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டிலிருந்து ஷீரடி போய் வருகிறவர்களுக்கு அங்குள்ள சாவடி தெரிந்திருக்கும். சாய்பாபா தம் கடைசி ஆண்டுகளில் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு மசூதியிலிருந்து அந்தச் சாவடிக்குப் போய்த் தூங்கினார். ஊர் அலுவலகத் திண்ணையில் ஒரு பக்கிரி படுத்த இடம், இன்று வழிபடும் இடம்.

நம்மூரில் இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. தங்குவதற்குச் சத்திரமும் விடுதியும், திருமணத்துக்கு மண்டபமும், பஞ்சாயத்துக்கு அலுவலகமும் தனித்தனிப் பெயரோடு வந்துவிட்டன. சாவடியிடம் மிஞ்சியது நிறுத்திக் கேட்கும் வேலை. புதிய நிர்வாகத்துக்குத் தமிழில் சொல் தேடியவர்கள் அதைத்தான் எடுத்தார்கள். வணிகவரிச் சோதனைச்சாவடி, வனச் சோதனைச்சாவடி, மதுவிலக்குச் சோதனைச்சாவடி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் மாநில எல்லைகளில் வரிக்காக லாரிகளை நிறுத்தும் சாவடிகள் எடுக்கப்பட்டன. கே.ஜி. சாவடிக்காரர்கள் ஊர்ப்பெயரில் சாவடியை வைத்துக்கொண்டு எல்லைக்குப் பக்கத்தில் வாழ்ந்து இவை எல்லாவற்றையும் பார்த்தவர்கள்.

இலங்கைத் தமிழரிடம் இந்தச் சொல்லைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். யாழ்ப்பாணத்தில் வழிப்போக்கர் தங்கும் இடத்துக்கு மடம் என்று பெயர். பருத்தித்துறையில் தெருவின் இருபுறமும் திண்ணை வைத்து மேலே கூரை போட்டுக் கட்டிய தெருமூடிமடம் இன்றும் இருக்கிறது. வாக்குப் போடும் இடம் அவர்களுக்கு வாக்களிப்பு நிலையம். ஆகவே சாவடி என்றால் பெரும்பாலும் ஒன்றுதான்: சோதனைச்சாவடி. 2002 போர் நிறுத்தத்தின்போது ஏ-9 சாலை திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் மக்கள் இறங்கி, பையைத் திறந்து, அடையாள அட்டையைக் காட்டி, வரிசையில் நின்று கடந்தார்கள். 2006 ஆகஸ்டில் சாலை மீண்டும் மூடப்பட்டது. ‘எங்கேயிருந்து வர்றே’ என்ற கேள்விக்குச் சொல்லும் ஊர்ப்பெயர் உயிரை எடுக்கவும் கூடும் என்று இருந்த காலம் அது. அங்கே அந்தச் சொல்லுக்கு நிழல் இல்லை, திண்ணை இல்லை. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ், துவாஸ் எல்லைகளுக்கும் தமிழில் சோதனைச்சாவடி என்றே பெயர். ஜொகூருக்கு வேலைக்கும் கடைக்கும் போய் வருகிறவர்கள் அலுப்போடு சொல்லும் பெயர். மூன்று நாட்டில் ஒரே சொல், மூன்று வேறு நெஞ்சுத் துடிப்பு.

மறுபடி நம் சாலைக்கு வருகிறேன். குமணன்சாவடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் சென்னை புறவழிச்சாலையில் வானகரம் சுங்கச்சாவடி. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானபின் அங்கே பேச்சு குறைந்துவிட்டது. முன்பு சில்லறைக்காகவாவது ஓட்டுநரும் வசூலிப்பவரும் முகம் பார்த்தார்கள். இப்போது கண்ணாடியில் ஒட்டிய சீட்டு பதில் சொல்லிவிடுகிறது. யாரும் எதையும் கேட்காத சாவடி. உசாவுதல் முழுவதும் வெளியேறிவிட்ட முதல் சாவடி இதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி இன்னும் உரக்க ஒலிக்கும் இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 68,000-க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள். பேச்சில் எல்லாரும் ‘பூத்’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் சுவரில் ஒட்டும் தாளில் சாவடி இருக்கும். பெரும்பாலும் அது பள்ளிக்கூட வகுப்பறை. முதல் நாள் மாலை பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கி, அட்டைத் தடுப்பு வைத்து, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார்கள். காலையில் நுழைந்ததும் முதல் அலுவலர் நம் சீட்டை வாங்கி, வரிசை எண்ணையும் பெயரையும் எல்லாருக்கும் கேட்கும்படி படிப்பார். கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் விரல் வைத்துத் தேடுவார்கள். ஆட்சேபணை இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும். ஊர்ச்சாவடியில் ஏற முடியாதவரின் பேத்தியும், ஓரமாகக் கீழே நின்று பதில் சொன்னவளின் பேத்தியும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் பெயரும் அதே உரத்த குரலில் படிக்கப்படுகிறது. யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து உள்ளே அனுப்புகிறார்கள். இரவு இயந்திரங்கள் வண்டியேறிப் போனபின் சாவடி அங்கே இல்லை. மறுநாள் வரும் பிள்ளைகள் பெஞ்சுகளை இழுத்துப் போடும்போது தரையில் அந்தச் சுண்ணாம்புக் கோடு மட்டும் கொஞ்சம் தெரியும்.